கோள்கள் வானத்து விளக்குகளா? தட்டைப் பூமிக் கூற்றுகளைப் பினாங்கு வானில் சோதித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

புலனக் குழுக்களில் மீண்டும் மீண்டும் வலம்வரும் காணொளி ஒன்று உண்டு. யாரோ ஒருவர் பெரிய ஜூம் கொண்ட கேமராவை வெள்ளியை நோக்கித் திருப்பி, நடுங்கிக்கொண்டிருக்கும் ஓர் ஒளிவட்டத்தைக் காட்டி, "இதுதான் உண்மையான வெள்ளி, உருண்டையான கோள் எங்கே இருக்கிறது?" என்று கேட்பார். அதைப் பார்த்துக் குழம்பும் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் பாடநூல் படத்தைக் காட்டி வாயடைப்பது சரியான விடையாகாது. படத்தை நம்ப மறுப்பவருக்கு இன்னொரு படம் எதையும் நிறுவுவதில்லை. அவரே கண்வைத்துப் பார்த்து, அவரே அளந்து, அவர் கையாலேயே எழுதிய எண்தான் பேச முடியும். அத்தகைய எண்களைப் பினாங்கிலிருந்து, சாதாரணக் கருவிகளைக் கொண்டு எப்படிப் பெறுவது என்பதைப் படிப்படியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கூற்றைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்

தட்டைப் பூமி என்பது ஒரே கொள்கையன்று. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சாமுவேல் ரோபாதம் தொடங்கிவைத்த வாதத்துக்கு இன்று பல கிளைகள் உள்ளன. ஆயினும் கோள்களைப் பொறுத்தவரை மூன்று கூற்றுகள் பெரும்பாலும் பொதுவாக வருகின்றன. கோள்கள் தாமே ஒளிரும் விளக்குகள் என்பது முதலாவது. அவை சில ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் நமக்கு மேலே வட்டமிடுகின்றன என்பது இரண்டாவது. அவை மறைவது தொடுவானத்துக்குக் கீழே இறங்குவதால் அன்று, தொலைவுக்குப் போய்விடுவதால்தான் என்பது மூன்றாவது. உயரத்துக்குச் சொல்லப்படும் எண் பெரும்பாலும் 3,000 மைல், அதாவது சுமார் 5,000 கி.மீ. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மதபோதகர் வில்பர் வொலீவா சூரியனைப் பற்றிச் சொன்னதும் இந்த எண்ணைத்தான். அதன் குறுக்களவு 32 மைல் என்றும் அவர் சொன்னார்.

இங்கே ஒரு நேர்மையான எச்சரிக்கை தேவை. வியாழன் உருண்டை என்று நிறுவிவிட்டால் பூமியும் உருண்டை என்று ஆகிவிடாது. எதிர்த்தரப்பார் இதைச் சரியாகவே சுட்டிக்காட்டுகிறார்கள். ஆகவே கீழே வரும் படிகளில் சில கோள்களின் இயல்பை மட்டும் சோதிப்பவை, சில அவற்றின் தொலைவைச் சோதிப்பவை, ஆறாவது படி மட்டுமே நம் காலடியில் உள்ள நிலத்தின் வடிவத்தை நேரடியாகச் சோதிப்பது. இவற்றை ஒன்றோடொன்று கலந்து பேசுவதால்தான் பல விவாதங்கள் முடிவில்லாமல் நீள்கின்றன என்பது என் கருத்து.

ஒவ்வொரு படியிலும் ஒரே ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். நோக்குவதற்கு முன்பே ஒரு குறிப்பேட்டில் இரண்டு பத்திகளாக, தட்டைப் பூமிக் கூற்று சரியென்றால் எவ்வளவு தெரிய வேண்டும், உருண்டைப் பூமியும் தொலைவான கோள்களும் சரியென்றால் எவ்வளவு தெரிய வேண்டும் என்று எண்ணாக எழுதி, இரு தரப்பாரும் கையெழுத்திடுங்கள். பார்த்த பிறகு விளக்கம் கண்டுபிடிப்பது எவருக்கும் எளிது. முன்கூட்டியே எழுதியதை மாற்றுவதுதான் கடினம்.

கருவியும் இடமும்

10x50 இருகண் நோக்கி, 70 மி.மீ. முதல் 150 மி.மீ. வரை குறுக்களவுள்ள ஒரு தொலைநோக்கி, கைப்பேசியைப் பார்வை வில்லையில் பொருத்தும் பிடி, பள்ளிப் பாகைமானி, தூக்குநூல், ஸ்டெல்லேரியம் போன்ற இலவச வான்படச் செயலி ஆகியவை போதும். வாங்க வசதியுள்ளவர்கள் கண்ணாடியும் வில்லையும் மட்டுமே கொண்ட எளிய நியூட்டன் வகைத் தொலைநோக்கியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மின்னணு எதுவும் இல்லாததால், உள்ளே படம் ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்ற ஐயத்துக்கு அங்கே இடமில்லை.

கோள்களைப் பார்க்க நகர வெளிச்சம் பெரிய தடையன்று. ஜார்ஜ் டவுன் அடுக்குமாடியின் மொட்டை மாடியிலிருந்தே வியாழனின் நிலவுகளைக் காணலாம். தொடுவானம் வேண்டிய சோதனைக்கு மட்டும் பாலிக் புலாவ் பக்கத்து மேற்குக் கடற்கரைக்குச் செல்லுங்கள். பினாங்கின் அட்சரேகை சுமார் 5.4 பாகை வடக்கு என்பதால் கோள்கள் இங்கே ஏறக்குறைய உச்சிக்கே ஏறுகின்றன. தொடுவானத்தருகிலிருந்து உச்சிவரை ஒரே கோளை ஒரே இரவில் தொடர்ந்து அளக்கும் இந்த வாய்ப்பு ஐரோப்பாவில் உள்ளவர்களுக்குக் கிடைப்பதில்லை.

சூரியன் முழுவதும் மறையும்வரை தொலைநோக்கியை மேற்கு நோக்கித் திருப்பவே கூடாது. ஒரு கணம் சூரியன் உள்ளே பட்டாலும் பார்வை போய்விடும். பிள்ளைகள் உடனிருந்தால் இதில் எந்தத் தளர்வும் வேண்டாம்.

படி 1: நடுங்கும் ஒளிவட்டத்தைக் குவியத்துக்குக் கொண்டுவருதல்

காணொளியில் தெரிந்த அந்த வட்டம் எதனால் உண்டானது என்பதை முதலில் கண்டறியுங்கள். தொலைநோக்கியைப் பிரகாசமான விண்மீன் ஒன்றின்மேல் வைத்துக் குவியத் திருகை மெல்லத் திருப்பினால், புள்ளியாக இருந்த ஒளி விரிந்து பெரிய வட்டமாகி, நீர் ஓடுவதுபோல் நடுங்கத் தொடங்கும். நியூட்டன் வகையில் அந்த வட்டத்தின் நடுவே ஒரு கருந்துளையும் தெரியும். அது கருவியின் உள்ளிருக்கும் சிறு கண்ணாடியின் நிழல். எந்த விண்மீனுக்குத் திருப்பினாலும் அதே துளை வரும். பொருளில் இல்லாத, கருவியில் உள்ள ஒன்றையே நாம் பார்க்கிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

குவியத் திருகைத் திருப்பத் திருப்ப அளவு மாறிக்கொண்டே போகும் வட்டம் குவியத் தவறால் வருவது. மிகக் கூர்மையான நிலையில் நின்று, அதற்குமேல் சிறுக்காத வட்டம் கோளின் உண்மை உருவம். விண்மீன் அந்த நிலையில் புள்ளியாகிவிடும். வியாழன் புள்ளியாகாது. துருவப் பக்கம் சற்றே தட்டையான, குறுக்கே இரண்டு பட்டைகள் கொண்ட ஒரு வட்டமாக நிற்கும். அதன் நடுக்கோட்டு விட்டம் சுமார் 1,42,984 கி.மீ., துருவ விட்டம் சுமார் 1,33,700 கி.மீ. இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். வியாழன் 10 மணி நேரத்துக்குள் ஒருமுறை சுழன்றுவிடுவதால், மாலையில் ஓரத்தில் குறுகித் தெரிந்த மேகக்கறை சில மணி நேரத்தில் நடுவுக்கு வந்து அகன்று, மறு ஓரத்தில் மீண்டும் குறுகுவதையும் 150 மி.மீ. கருவியில் தொடரலாம். தட்டையான ஒளித்தகட்டின் மேல் நகரும் கறை ஓரத்தில் குறுகாது.

படி 2: ஒரே இரவில் அளவு மாறுகிறதா?

ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் உண்டு என்றால் இதைச் செய்யுங்கள்.

கோள் 5,000 கி.மீ. உயரத்தில் தட்டையான நிலத்துக்கு மேலே நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது உச்சிக்கு அருகில் 80 பாகை உயரத்தில் இருக்கும்போது நம்மிடமிருந்து அதன் தொலைவு சுமார் 5,080 கி.மீ. தொடுவானத்துக்கு மேலே 20 பாகையில் இருக்கும்போது அதே கோளின் தொலைவு சுமார் 14,600 கி.மீ. தொலைவு மூன்று மடங்கை நெருங்குவதால் தோற்ற அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும். உயரத்தை 5,000 என்று வைத்தாலும் 50,000 என்று வைத்தாலும் இந்த விகிதம் மாறாது, ஏனெனில் அது கோணத்தை மட்டுமே சார்ந்தது. மறுபுறம், வியாழன் 60 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது என்றால், பூமியின் சுழற்சி நம்மை அதனிடம் நெருக்குவதோ விலக்குவதோ அதிகபட்சம் 6,400 கி.மீ. அளவே. அது எவர் கருவியிலும் தெரியாத மாற்றம்.

2027 பிப்ரவரி 10-ஐ ஒட்டி வியாழன் எதிர்நிலைக்கு, அதாவது வானில் சூரியனுக்கு நேரெதிர்ப் பக்கத்துக்கு, வருகிறது. அந்நாட்களில் பினாங்கில் அது சூரியன் மறையும் வேளையில் கிழக்கில் எழுந்து, இரவு 9 மணியளவில் 20 பாகையையும், அதிகாலை ஒன்றரை மணியளவில் ஏறத்தாழ 80 பாகையையும் எட்டும். இரு நேரங்களிலும் அதே பார்வை வில்லை, அதே கைப்பேசி, அதே ஜூம் நிலையைக் கொண்டு படமெடுங்கள். கேமராவின் ஒளியேற்பை (exposure) குறைத்து, பட்டைகள் தெரியும் அளவுக்கு மட்டும் வைக்க வேண்டும். ஒளி மிகுந்தால் வட்டம் பொய்யாக வீங்கும். பிறகு பட்டைகளின் திசையில் வட்டத்தின் அகலம் எத்தனை படப்புள்ளிகள் என்று எண்ணுங்கள். உச்சியில் 45 புள்ளிகள் வந்தால், தட்டைப் பூமிக் கணக்கின்படி 9 மணிப் படத்தில் சுமார் 16 புள்ளிகள் மட்டுமே இருக்க வேண்டும். அளந்து பார்ப்பவர்களுக்கு இரண்டிலும் ஒரே எண்ணே வரும். காற்றுமண்டல ஒளிவிலகல் 20 பாகையில் உண்டாக்கும் நசுக்கம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு.

இதன் மறுபாதியையும் சேர்த்தால்தான் சோதனை முழுமை பெறும். கோள்களின் அளவு மாறவே மாறாது என்பதில்லை. ஒரு இரவுக்குள் மாறாத அதே அளவு மாதக்கணக்கில் பெரிதும் மாறுகிறது. செவ்வாய் சுமார் 3.5 கோண நொடியிலிருந்து (ஒரு கோண நொடி என்பது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) 25 கோண நொடிவரையிலும், வெள்ளி சுமார் 10-லிருந்து 60 வரையிலும் வளர்ந்து தேய்கின்றன. இரவுக்குள் மாறாதது, நாம் நிற்கும் நிலத்தின் அளவோடு ஒப்பிடவே முடியாத தொலைவைக் காட்டுகிறது. மாதங்களில் மாறுவது, அத்தொலைவே பல மடங்கு மாறுவதைக் காட்டுகிறது. செவ்வாய் எதிர்நிலைக்கு வருவதும், பஞ்சாங்கங்கள் வக்கிரகதி என்று குறிக்கும்படி வழக்கத்துக்கு மாறாகப் பின்னோக்கி நகர்வதும், அது மிகப் பெரிதாகத் தெரிவதும் ஒரே காலத்தில் நிகழ்கின்றன. பூமி உள்வட்டத்தில் அதை முந்திச் செல்கிறது என்ற ஒரே காரணம் இம்மூன்றையும் விளக்கிவிடுகிறது.

படி 3: கடலில் இறங்கும் கோள்

இது எளிய சோதனை. பாலிக் புலாவ் பக்கத்துக் கடற்கரையில், மேற்கில் தெளிவான மாலையில் வெள்ளி தொடுவானத்துக்கு மேலே 3 பாகைக்கு வரும்வரை காத்திருங்கள். நீட்டிய கையில் இரு விரல் அகலம் சுமார் அவ்வளவு. 5,000 கி.மீ. உயரத்தில் உள்ள ஒரு பொருள் 3 பாகையில் தெரிய வேண்டுமானால் அது நிலத்தின்மேல் சுமார் 95,000 கி.மீ. தள்ளியிருக்க வேண்டும். தட்டைப் பூமி வரைபடத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்பு வரையிலான தொலைவே 40,000 கி.மீ. அளவில்தான் வருகிறது. ஆகவே அந்த வரைபடத்துக்கு மேலே எங்கு நின்றாலும் வெள்ளி 3 பாகை வரை இறங்கித் தெரிய முடியாது.

படி 4: வெள்ளியின் பிறைகள்

தாமே ஒளிரும் விளக்குக்குப் பிறை இல்லை. கலிலியோ 1610-ஆம் ஆண்டின் இறுதியில் வெள்ளியின் பிறைகளைக் கண்டார். அவரது கருவியைவிடச் சிறந்த ஒன்று இன்று நடுத்தரக் குடும்பத்தின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வெள்ளி அந்தி வானில் தோன்றும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்து, ஒளிர்ந்த பகுதியின் வடிவத்தையும் முழு வட்டத்தின் விட்டத்தையும் வரையுங்கள். இருண்ட வானில் அதன் கூச்சம் வடிவத்தை மறைத்துவிடும் என்பதால், சூரியன் மறைந்த சில நிமிடங்களிலேயே, வானம் வெளுத்திருக்கும்போதே பார்ப்பது சிறந்தது.

பிறை தெரிகிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். அதுவும் அந்த விளக்கின் இயல்புதான் என்று சொல்லிவிட முடியும். வடிவத்துக்கும் அளவுக்கும் இடையே உள்ள உறவைப் பாருங்கள். வெள்ளி முழுமைக்கு நெருங்கியிருக்கும்போது எப்போதும் சிறியதாகவும், மெல்லிய பிறையாக இருக்கும்போது எப்போதும் பெரியதாகவும் இருக்கும். இந்த விதிக்கு ஒருபோதும் விலக்கு வருவதில்லை. ஒளிர்ந்த பக்கம் எப்போதும் சூரியன் மறைந்த திசையையே நோக்கும். நியூட்டன் வகைத் தொலைநோக்கி உருவைத் தலைகீழாக்கும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். சூரியனிடமிருந்து வெள்ளி விலகும் கோணம் 48 பாகையைத் தாண்டுவதுமில்லை. சூரியனைச் சுற்றிவரும், சூரிய ஒளியால் ஒளிரும் ஓர் உருண்டைக்கு மட்டுமே இவை அனைத்தும் ஒன்றாகப் பொருந்தும்.

2026-இல் வெள்ளி ஆகஸ்ட் நடுவில் சூரியனிடமிருந்து மிக விலகி அரைவட்டமாகத் தெரிந்து, செப்டம்பர் இறுதியில் 40 கோண நொடியைத் தாண்டிய பிறையாகி, அக்டோபர் 24-ஐ ஒட்டிச் சூரியனுக்கும் பூமிக்கும் இடையே வருகிறது. அந்தப் பிறையை அசையாமல் பிடித்த 10x50 இருகண் நோக்கியிலேயே காணலாம். இதே காட்சி 8 ஆண்டுகளுக்கு ஒருமுறை, இரண்டு மூன்று நாள் முன்னதாக, அப்படியே திரும்பும். 2018-இல் அக்டோபர் 26 அன்று நடந்ததுதான் 2026-இல் நடப்பது.

படி 5: ஐயோ நிலவின் கிரகணம்

வியாழனின் நான்கு பெரிய நிலவுகளான ஐயோ, யூரோப்பா, கானிமீட், கலிஸ்டோ ஆகியவை முறையே சுமார் 1.77, 3.55, 7.15, 16.69 நாட்களில் அதைச் சுற்றுகின்றன. இவற்றுள் ஐயோ ஒவ்வொரு சுற்றிலும் வியாழனின் நிழலுக்குள் நுழைந்து மறைகிறது. எதிர்நிலைக்குப் பின்வரும் மாதங்களில் பார்த்தால், வியாழனின் கிழக்கு ஓரத்திலிருந்து சற்றுத் தள்ளி, எதுவுமே இல்லாத கருவானத்தில் ஐயோ மெல்ல ஒளிபெற்று வெளிப்படும். எதிர்நிலைக்கு முன் மேற்குப் பக்கம் அதேபோல் கருவானத்திலேயே மங்கி மறையும். ஒளியற்ற வியாழன் சூரியனுக்கு எதிர்த்திசையில் நிழல் வீழ்த்துகிறது என்பதையும், ஐயோவுக்கும் சொந்த ஒளி இல்லை என்பதையும் ஒரே காட்சி சொல்லிவிடுகிறது. முதன்முறை பார்ப்பவர்கள் மெய்மறந்து நிற்பதற்கு இதைவிடப் பொருத்தமான காட்சியை நான் அறியேன்.

நேரத்தைச் செயலியில் முன்னரே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சென்னையிலோ திருச்சியிலோ உறவினர் எவரேனும் தொலைநோக்கி வைத்திருந்தால், அவரும் அதே இரவில் பார்க்கட்டும். பினாங்கில் இரவு 11 மணி என்றால் அங்கே 8.30 மணி. தொலைபேசியில் பேசிக்கொண்டே பார்த்தால், ஐயோ இரு ஊர்களிலும் ஒரே கணத்தில் வெளிப்படும். டென்மார்க்கின் ஓல ரோமர் 1676-இல் ஒளிக்கு வேகம் உண்டு என்று கண்டதும் இந்தக் கிரகணங்களின் நேரத்தைப் பதிவு செய்துதான்.

அந்த உறவினரிடம் இன்னொன்றும் கேளுங்கள். வியாழனுக்கு அருகிலுள்ள ஒரு விண்மீன் எவ்வளவு விலகி, எந்தப் பக்கம் தெரிகிறது என்று இருவரும் வரைந்து ஒப்பிடுங்கள். சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே சுமார் 2,350 கி.மீ. 5,000 கி.மீ. உயரத்தில் உள்ள பொருளுக்கு இத்தொலைவு 25 பாகை இடமாற்றத்தை உண்டாக்கும். விண்மீன்களும் அதே உயரத்தில்தான் உள்ளன என்றால் விண்மீன் கூட்டங்களின் வடிவமே ஊருக்கு ஊர் சிதைய வேண்டும். வரைபடங்களில் எந்த வேறுபாடும் இருக்காது. நிலவைக் கொண்டு இதையே செய்தால் மட்டும், பின்னணி விண்மீன்களிடையே அது தன் விட்டத்தில் பாதி அளவுக்கேனும் இடம்மாறித் தெரியக் காணலாம். நிலவு அருகில் இருப்பது அவ்வளவு எளிதாக வெளிப்படுகிறது.

படி 6: ஒரே கோளுக்கு எத்தனை உயரங்கள்?

நிலத்தின் வடிவத்தைச் சோதிக்கும் படி இதுதான். பாகைமானியின் நேர்விளிம்பில் ஒரு உறிஞ்சுகுழலைக் கட்டி, மையத்திலிருந்து தூக்குநூலைத் தொங்கவிட்டால், கோளின் உயரக் கோணத்தை அரைப்பாகைத் துல்லியத்தில் அளக்க முடியும். வெவ்வேறு அட்சரேகைகளில் உள்ள நண்பர்கள், தத்தம் ஊரில் வியாழன் மிக உயரத்தில் நிற்கும் வேளையில் அளந்து எழுத வேண்டும். ஒரே இரவின் இடைவெளியில் வியாழன் விண்மீன்களிடையே நகர்வது மிகச் சிறிது என்பதால் நேர வேறுபாடு இங்கே பொருட்டன்று.

2027 பிப்ரவரியில் வியாழன் வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் செல்லும் கற்பனைக் கோட்டுக்கு) சுமார் 15 பாகை வடக்கே இருக்கும். மணிலாவில் அது ஏறத்தாழ நேர் உச்சியைக் கடக்கும். அங்கிருந்து வடக்கு தெற்காக அளந்த தொலைவை எடுத்துக்கொள்கிறோம். தட்டைப் பூமியினர் காட்டும் வட்ட வரைபடமும் வடக்கு தெற்குத் தொலைவுகளை மாற்றுவதில்லை என்பதால் இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. தொலைவை உயரக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பால் பெருக்கினால், நிலம் தட்டை என்ற அனுமானத்தில் கோளின் உயரம் கிடைக்கும்.

பினாங்கில் உயரக் கோணம் சுமார் 80.4 பாகை, தொலைவு சுமார் 1,070 கி.மீ., கிடைக்கும் உயரம் சுமார் 6,300 கி.மீ. லண்டனில் 53.5 பாகை, சுமார் 4,060 கி.மீ., உயரம் சுமார் 5,490 கி.மீ. பெர்த்தில் 43 பாகை, சுமார் 5,230 கி.மீ., உயரம் சுமார் 4,870 கி.மீ. ஒவ்வொரு அளவிலும் அரைப்பாகைப் பிழையை அனுமதித்தாலும், பினாங்கின் விடை 5,990-க்குக் கீழே இறங்காது, லண்டனின் விடை 5,390-க்கும் 5,590-க்கும் இடையே நிற்கும், பெர்த்தின் விடை 4,960-ஐத் தாண்டாது. ஒரே கோளுக்கு மூன்று உயரங்கள் இருக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் உச்சியிலிருந்து கோள் விலகும் கோணத்தைத் தொலைவோடு ஒப்பிட்டால், எல்லா ஊர்களிலும் ஒரே விதி வருகிறது. ஒவ்வொரு 111 கி.மீ.க்கும் ஒரு பாகை. சீராக வளைந்த நிலத்தின்மேல் நின்று மிகத் தொலைவில் உள்ள ஒன்றைப் பார்த்தால் மட்டுமே இவ்விதி கிடைக்கும்.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் மட்டும் அளப்பது போதாது. இரண்டுக்கும் இடையே 2.3 பாகைதான் வேறுபாடு. அந்த அளவைக்கொண்டு தட்டைக் கணக்கிலும் ஒத்த உயரமே வந்துவிடும். பெர்த், மெல்பர்ன், லண்டன் போன்ற தொலைவான ஊர்களில் படிக்கும் பிள்ளைகளும் பணிபுரியும் உறவினர்களும் இல்லாத மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் குறைவு. அவர்களிடம் ஒரு பாகைமானியை வாங்கச் சொல்லுங்கள்.

எழக்கூடிய மறுப்புகள்

எல்லாம் வானக் கூரையில் விழும் ஒளிப்படம் என்று ஒருவர் சொன்னால், அப்படியானால் எந்த அளவீடு வேறாக வர வேண்டும் என்று பணிவோடு கேட்டு, அந்த விடையையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த அளவீட்டாலும் பொய்ப்பிக்க முடியாது என்று அவர் சொன்னால், அங்கே சோதனைக்கு வேலை இல்லை. அன்றைய இரவை வாக்குவாதத்தில் செலவிடாமல் சனிக்கோளைக் காட்டுங்கள்.

நம் தரப்பிலும் ஒரு பலவீனமான வாதத்தைக் கைவிட வேண்டும். பஞ்சாங்கம் குருப்பெயர்ச்சியையும் கிரகணத்தையும் சரியாகக் கணிப்பதால் பூமி உருண்டை என்று சிலர் வாதிடுவார்கள். பாபிலோனியர்கள் பூமி, கோள்களின் வடிவ மாதிரி எதுவும் இல்லாமலேயே, பழைய பதிவுகளின் சுழற்சியை வைத்துக் கோள்களின் நிலையைக் கணித்தார்கள். கணிப்பு பலித்தது என்பது மட்டும் வடிவத்தை நிறுவிவிடாது. ஆரியபட்டர் 499-இல் பூமி உருண்டை என்றும் அது தன்னைத்தானே சுழல்கிறது என்றும் எழுதியதைப் பெருமையோடு சொல்லலாம். ஆனால் அதையும் சான்றாக அல்ல, நம் மரபில் இக்கேள்வி எவ்வளவு பழையது என்பதற்காகவே சொல்ல வேண்டும்.

எப்போது செய்யலாம்

பினாங்கில் டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை மழை குறைவாக இருப்பதால், படி 2, 5, 6 ஆகியவற்றை 2027-இன் தொடக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அதே பிப்ரவரி 19-ஐ ஒட்டிச் செவ்வாயும் எதிர்நிலைக்கு வருவதால் இரண்டையும் ஒரே இரவில் அளக்கலாம். அப்போது செவ்வாய் 14 கோண நொடியளவே இருக்கும். ஆண்டின் இறுதியில் மீண்டும் அளந்தால் அது மூன்றில் ஒரு பங்கை ஒட்டிச் சிறுத்திருக்கும். வெள்ளியின் பிறைக்குரிய செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழையும் சில ஆண்டுகளில் புகைமூட்டமும் குறுக்கிடும். எனவே ஜூலையிலேயே தொடங்கி, மேகம் விலகும் ஒவ்வொரு அந்தியையும் பயன்படுத்துங்கள். சனிக்கோள் 2026 அக்டோபர் 4-ஐ ஒட்டி எதிர்நிலைக்கு வருகிறது. 2025 மார்ச்சில் விளிம்புமுகமாகி மறைந்த அதன் வளையங்கள் ஆண்டுக்கு ஆண்டு விரிந்து 2032-ஐ ஒட்டி மிக அகலமாகும் என்பதால், ஆண்டுக்கு ஒரு வரைபடம் என்று இப்போதே தொடங்குபவர்களுக்கு அந்த விரிவு முழுவதும் தம் குறிப்பேட்டிலேயே கிடைத்துவிடும்.